சகாயசெல்வி பங்கு பிரித்த சர்வர்

தீவு ஊரான ஹட் பேயின் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனையில் கணினிகளெல்லாம் சகாயசெல்வியின் பொறுப்பு. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த மீனவக் குடும்பம். அவள் படித்து வளர்ந்தது தமிழும் இந்தியும் கலந்து பேசும் இந்தத் தீவில். எதையும் பழுது என்று சட்டென ஒதுக்கமாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள்.

அங்கே இருந்தது ஒரே சர்வர். நோயாளிகளுக்குச் சீட்டுப் பதிவதும் அதில்தான், எக்ஸ்ரே படம் திறப்பதும் அதில்தான். புதிய எக்ஸ்ரே மென்பொருள் வந்ததிலிருந்து, நாலைந்து படங்களைச் சேர்ந்தாற்போல் திறந்தால் போதும், சீட்டு கவுண்டரின் திரை அசையாமல் நின்றுவிடும். வரிசை வாசலைத் தாண்டும்.

"புது மெஷின் கேட்டிருக்கேன். மெயின்லேண்டிலேர்ந்து கப்பல்ல வர மூணு மாசமாகும்," என்றார் டாக்டர் உமா மகேஸ்வரி.

"அதுவரைக்கும் ஜனங்க நின்னுக்கிட்டே இருக்கணுமா மேடம்? இருக்கறதைப் பிரிச்சுக் கொடுத்துப் பாக்குறேன்."

பதினாறு ஜிபி நினைவகம், நாலு கோர். அத்தனையையும் எக்ஸ்ரே மென்பொருளே வாரிச் சுருட்டிக்கொண்டிருந்தது. உனக்கு இவ்வளவுதான் என்று ஒவ்வொரு நிரலுக்கும் வரம்பு வைக்க இயங்குதளத்திலேயே வழி உண்டு. எக்ஸ்ரேவுக்கு இரண்டு கோர், நாலு ஜிபி என்று எழுதிவைத்தாள். கவுண்டரில் வேலை பறந்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எக்ஸ்ரே டெக்னீஷியன் ஜம்புலிங்கம் ஓடிவந்தார்.

"அரே தீதி, என்ன பண்ணி வச்சிருக்கீங்க? டாக்டர் பாத்துக்கிட்டு இருக்கும்போதே பொன்னம்மாவோட நெஞ்சுப் படம் மூடிக்கிச்சு!"

சகாயசெல்வியின் முகம் சுண்டிவிட்டது. நினைவகம் வரம்பைத் தாண்டியதும் இயங்குதளம் நிரலையே நிறுத்தியிருந்தது. அளந்து பாராமல் குத்துமதிப்பாகப் போட்ட எண் அது.

"என் தப்புதான் அண்ணே. படம் பத்திரமா இருக்கு. இன்னிக்கு முழுக்க உங்க பக்கத்துலயே உக்காந்து பாக்குறேன்."

வரம்பை நீக்கிவிட்டு, எக்ஸ்ரே அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். அன்று கவுண்டர் பழையபடி திணறியது. பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். படத்துக்குப் படம் குறித்ததில், எவ்வளவு கூட்டத்திலும் உண்மையில் தேவைப்பட்டது எட்டு ஜிபிதான் என்று தெரிந்தது. மீதி இடத்தில் பார்த்து முடித்த படங்களை மென்பொருள் சும்மா பிடித்துவைத்திருந்தது.

மாலையில் புதிதாக எழுதினாள். எக்ஸ்ரே ஒன்பது ஜிபியைத் தொட்டால் வேகம் குறையட்டும். பத்தைத் தாண்டினால்தான் நிறுத்தம். சீட்டுப் பதிவுக்கென்று நாலு ஜிபி தனியாக.

மறுநாள் கூட்டம் நெரிந்தபோதும் கவுண்டர் நிற்கவில்லை. படங்கள் ஒரு நொடி தாமதித்துத் திறந்தன. பொன்னம்மாவுக்கு வெறும் சளிதான் என்று மருந்து கொடுத்தனுப்பினார்கள்.

மதியம் ஜம்புலிங்கம் தன் டிபன் டப்பாவிலிருந்து வறுத்த சூரை மீன் துண்டு ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"தோடா, கொஞ்சம் ஸ்லோதான் தீதி. ஆனா நிக்கல."

அவள் சிரித்துக்கொண்டே முள்ளை நீக்கத் தொடங்கினாள்.