ஒரே ஒரு பச்சைப் புள்ளி

எங்கள் தொழிலில் ஒரு வசதி உண்டு: என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். உங்களுக்கும் அப்படியொரு வேலை வாய்த்திருந்தால் வாருங்கள், நாம் ஒரே கட்சி.

ஆட்டோவில் ஒரு வகுப்பு

தெற்கு டெல்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிஎச்.டி. செய்கிறேன். அழுகின மாம்பழத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு குட்டி ஈ வருமே, அந்தப் பழ ஈயின் செல்களைத் தட்டில் வளர்க்கிறோம். அவற்றுக்குள் ஒரு வகை மரபணுவுக்கு இருந்த இடத்தில் இருப்புக் கொள்ளாது. தன்னை ஒரு நகல் எடுத்து, வேறோர் இடத்தில் கொண்டுபோய்ச் செருகிவிடும். எவ்வளவு அடிக்கடி இப்படித் தாவுகிறது என்று அளப்பதுதான் என் வேலை. அதற்காக அந்த மரபணுவின் முதுகில் ஒரு விளக்கை ஏற்றி அனுப்புவோம். தாவி, புது இடத்தில் உட்கார்ந்தால்தான் விளக்கு எரியும். செல் பச்சையாக ஒளிரும்.

இரண்டு வருடமாக ஒன்றும் எரியவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் ஒரு பச்சையாவது காட்டு, இல்லையென்றால் வேறு தலைப்பு என்று வழிகாட்டி மேடம் சொல்லிவிட்டார். இந்தக் கதை முழுவதையும் ஆர்.கே.புரத்தில் ஏறிய ஆட்டோவில், ஹிந்தியில், உற்சாகமாக விளக்கினேன். ஓட்டுநர் சிக்னலில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அவர் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "குதிக்குதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல மேடம்ஜி, பிடிச்சுக் கட்டிப்போடறதை விட்டுட்டு அளந்துகிட்டு இருக்கீங்களே?"

இருபத்தைந்து டிகிரி

மனிதச் செல் வளர்க்கிறவர்கள் பெட்டியைச் சூடாக்குவார்கள். ஈயின் செல்லுக்கு இருபத்தைந்து டிகிரிதான் சுகம். டெல்லி ஜூன் மாதத்தில் அது எப்பேர்ப்பட்ட சுகம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குளிர்ப்பெட்டி படுத்துக்கொண்ட அன்று, தட்டுகளை ஏசி அறைக்குத் தூக்கிப்போய்ப் பக்கத்திலேயே காவல் இருந்தேன். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். வீட்டுக் கூலர் காற்றுக்குப் பதில் சத்தத்தை மட்டும் வீசுகிறதாம். நான் எங்கே இருக்கிறேன் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். திருநெல்வேலியை விட்டு வந்து முப்பது வருடமாகியும் அம்மாவின் பேச்சு அப்படியே இருக்கிறது: "ஏட்டி, ஈயோட செல்லுக்கு ஏசி, பெத்தவளுக்கு ஓட்டைக் கூலரா? நல்லா இருக்குட்டி ஒம் படிப்பு!"

சமோசா

முதல் பச்சையைக் கண்டவர் எல்லோருக்கும் சமோசா வாங்கித் தர வேண்டும். இது எங்கள் கூடத்துச் சட்டம். ஜூலையில் ஒரு மத்தியானம் நுண்நோக்கியில் கண்ணை வைத்தேன். பச்சை! ஒன்றல்ல, தட்டு முழுக்க! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம் கால் மட்டும் ஓடியது, கொட்டுகிற மழையில் கேட்டுக்கு வெளியே இருக்கிற கடை வரைக்கும்.

பக்கத்து மேசை சிம்ரன் பஞ்சாபிப் பெண். இரண்டு சமோசா தின்று, கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நுண்நோக்கியில் பச்சை ஒளியை மட்டும் காட்டுகிற வடிகட்டியை எடுத்துவிட்டுச் சிவப்பைப் போட்டாள். அதிலும் எல்லாம் பளபளத்தன. நாங்கள் ஏற்றிவிடும் விளக்கு பச்சையில் மட்டும்தான் தெரியும். செத்துப்போன செல்தான் எந்த வடிகட்டியிலும் மினுங்கும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தப் பாடத்தை எடுப்பதே நான்தான். சிம்ரன் என் தோளைத் தட்டி, ஹிந்தியில் ஆறுதல் சொன்னாள்: "சமோசா ஃபர்ஸ்ட் கிளாஸ், ஆனா இது பிறந்தநாள் பார்ட்டி இல்லை, செத்தவங்களுக்குப் போடற பதிமூணாம் நாள் சாப்பாடு."

பராத்தா சுற்றிய தாள்

செல்கள் ஏன் செத்தன? நான் பார்த்துப் பார்த்தே செத்தன. நுண்நோக்கியின் நீல வெளிச்சம் செல்லுக்கு ஆகாது. இருக்கிற பச்சையையும் வெளுக்க வைத்துவிடும். எனக்கோ அரைமணிக்கு ஒரு தரம் எட்டிப் பார்க்காவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆகஸ்ட் போய் செப்டம்பரும் வந்துவிட்டது. மழை ஓய்ந்துகொண்டிருந்தது. புதிய செல்களை வளர்த்து, புதிய மரபணுவை ஏற்றினேன். சிம்ரன் தன் டிபனில் பராத்தா சுற்றுகிற பளபளத் தாளால் தட்டுகளைச் சுற்றி, குளிர்ப்பெட்டிக்குள் வைத்து, சாவியைத் தன் ஜீன்ஸ் பைக்குள் போட்டுக்கொண்டாள். கெஞ்சிப் பார்த்தேன். மிரட்டியும் பார்த்தேன். அவள் அசையவில்லை: "செவ்வாய்க்கிழமை வரைக்கும் இது உன் செல் இல்லை, என் செல். ஜல்தி வீட்டுக்குப் போ!"

கறுப்பு

செவ்வாய்க்கிழமை காலையில் அம்மா மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போனாள், நான் நுண்நோக்கிக்குப் போனேன். முதலில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, தாவ முடியாதபடி நாங்களே முடமாக்கிவைத்த மரபணு இருக்கும் தட்டு. கறுப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும். அடுத்தது என் தட்டு. கறுப்பு, கறுப்பு, மேலும் கறுப்பு. ஓரத்துக்கு நகர்த்தினேன். ஒரு செல். உருண்டையாக, பச்சையாக!

இந்தத் தடவை நான் கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிவப்பு வடிகட்டியைப் போட்டேன். கறுப்பு! ஆயுசில் இருட்டைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. மறுபடி பச்சை வடிகட்டி. அங்கேயே இருந்தது. அந்தச் செல்லுக்குள் ஒரு மரபணு தாவிவிட்டது, அது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்ததும் அழுகை பொங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்த சிம்ரன் ஓடிப்போய் மேடத்தை அழைத்து வந்தாள். மேடம் உட்கார்ந்தார், வடிகட்டிகளை மாற்றி மாற்றிப் பார்த்தார், முடமான தட்டையும் பார்த்தார். கண்ணை எடுக்கவே இல்லை. கடைசியில் நிமிர்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். "தலைப்பு உன்னுதுதான். இதையே இன்னும் மூணு தரம் செஞ்சு காட்டு, அப்புறம் அழலாம்."

ஓர் ஈயின் செல்லுக்குள் ஒரு மரபணு ஒரே ஒரு முறை தாவியதைக் கண்டுபிடித்துவிட்டேன். அதைப் பார்த்துவிட்டு நான் தாவிய தாவலை அளக்கத்தான் எங்கள் கூடத்தில் கருவி இல்லை.