மல்லாட்டை வரி

1. பட்டணத்திலிருந்து ஒருவர் டேப் ரெக்கார்டரோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.
2. அத்தை கன்னிமார் பாட்டைப் பாடினாள்.
3. அவித்து வைத்திருந்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, நான் திருடித் தின்றேன்.
4. மூன்றாவதால் இரண்டாவது கெட்டுப்போனது என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

மயிலத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் எங்கள் இருளர் குடியிருப்பு. சாமியை அழைக்கும் பாட்டு அத்தையிடம் இருந்தது. கடைசி வரியைக் கேட்டால் கன்னிமார் இறங்கி வந்துவிடுவார்கள். அதனால் மாசியில் கும்பிடும் அன்று தவிர அந்த வரியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வந்தவரை அனுப்பியவர், அப்பா வேலை செய்த கொல்லைக்குச் சொந்தக்காரர். முடியாது என்று சொல்ல வழியில்லை.

"முழுசா பாடிடுங்கம்மா. ஒரு வரிகூட விடாதீங்க. அழியாம காப்பாத்தி வைக்கத்தான் கேக்கிறோம்" என்றார் அவர், மரியாதையாக.

அப்பா தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அத்தை அரைக்கண் மூடிப் பாடினாள். கடைசி வரி வரவேண்டிய இடத்தில், ராகம் துளியும் மாறாமல்,

"மல்லாட்டைய வைடி மருமவளே, வயிறு நோவும் மருமவளே"

என்று இழுத்து முடித்தாள். மல்லாட்டை எடுக்க விட்ட என் கை குண்டானுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"கடைசி வரியிலதாங்க உயிரே இருக்குது" என்றார் வந்தவர்.

அவருடைய வண்டி ஏரி வளைவைத் தாண்டும்வரை அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

"சாமிக்கே வயித்த வலிய வரவெச்சிட்டியே" என்றார் அப்பா.

"எல்லாம் உம் பொண்ணு பண்ண வேலை" என்றாள் அத்தை. திட்டுகிறாள் என்று நினைத்து அம்மா பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

அடுத்த வருஷம், நானும் அத்தையும் போயிருந்தபோது, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு கேசட் கடையில் எங்கள் பாட்டு கேட்டது. வேறொரு பெண் குரல், கூடவே வயலின். மல்லாட்டை வரியை அவள் உருகி உருகிப் பாடினாள். "அத்தை, என் பாட்டு" என்று குதித்தேன். கேசட் அட்டையில் இருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன்: உரிமை பதிவு செய்யப்பட்டது.

"அப்படின்னா இன்னாங்க?" என்று அத்தை கடைக்காரரைக் கேட்டாள்.

"பாட்டு இனிமே கம்பெனிக்குச் சொந்தம். அவங்களக் கேக்காம யாரும் பாடக்கூடாது."

"கடைசி வரியுமா?"

"அதுவுந்தாம்மா."

அத்தை என்னை இடுப்போடு அணைத்துக்கொண்டு, பஸ் வரும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாள். பாட்டில் வந்து நான் பெரிய ஆளாகிவிட்ட சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். அவள் கண் ஏன் நனைந்திருந்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

பாட்டு எங்களுடையது என்று சொல்ல இன்றுவரை ஒரு காகிதமும் இல்லை. மல்லாட்டை வரி கம்பெனிக்குச் சொந்தம். கடைசி வரி எங்களிடம் இருக்கிறது. மாசியில் இப்போது அதைப் பாடுவது நான்.