வெள்ளிக்கிழமை மாற்றாத கொள்கை

திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ஷாதிலியின் மனைவி நஃபீஸா அழைத்தாள்.

"ரவ்தா, அவரு போயிட்டாரு. படகுக்குக் கிளம்ப சட்டை மாட்டிட்டு இருந்தாரு. அப்படியே கட்டில்ல உக்காந்தவருதான்."

அவர் நாற்காலி என் பக்கத்தில் காலியாக இருந்தது. காற்று அதிகம், படகு தாமதம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஷாதிலி கெர்மாஸிக்கு ஐம்பத்தாறு வயது. ஸ்பாக்ஸ் நகரில் எங்கள் அலுவலகத்தின் இருநூற்றுப் பதினான்கு லினக்ஸ் கணினிகள் அவர் பொறுப்பு. மேசை மேசையாகப் போய்ப் பார்க்கிற வேலை அல்ல. பிரிவு பிரிவாகச் சர்வரில் கொள்கை எழுதிவைப்பார்: உலாவி எந்தப் பக்கத்தில் திறக்க வேண்டும், எந்த அச்சுப்பொறி, எத்தனை நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கணினிகள் தாமாக வந்து அதை எடுத்துக்கொள்ளும். பிறகு மேசையில் இருப்பவர் எதையும் மாற்ற முடியாது.

இதற்காக அவர் வாங்காத ஏச்சு இல்லை. தபால் பிரிவு மப்ரூக்கா வாசலிலேயே நின்று கத்துவாள்.

"ஷாதிலி, என் மகன் கல்யாணப் படத்தைத் திரையில வைக்க விடமாட்டேங்குறியே. ஜெயில்ல கூட சுவத்துல ஒட்ட விடுவான்யா!"

"ஜெயில்ல இருக்கறது நீங்க இல்ல மதாம், நான். நீங்க நாலு மணிக்கு வீட்டுக்குப் போறீங்கல்ல?"

அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அவர் சொன்னது சிரிப்புக்கு மட்டும் அல்ல. நஃபீஸா கெர்கென்னா தீவில் பள்ளி ஆசிரியை. இவர் வெள்ளி மதியம் படகேறி, திங்கள் காலை திரும்புவார். தீவில் உள்ள எங்கள் கிளைக்கு மாற்றல் கேட்டுப் பதினொரு வருடம். "நீ போனா இதை யார் பார்ப்பா?" என்பதுதான் இயக்குநர் மொந்தர் ஒவ்வொரு முறையும் சொன்ன பதில்.

நான்கு வருடம் முன்பு ஷாதிலி அந்தக் கேள்விக்குப் பதிலாக என்னைக் காட்டினார். கணினி படித்தவள், அதே அறையில் இருப்பவள். சர்வரில் எனக்கும் உரிமை கொடுத்தார். இரண்டாவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, முகப்பில் பொதுமக்கள் விண்ணப்பம் நிரப்பும் கணினிகளுக்கான கொள்கையை நான் தவறிப்போய் எல்லாப் பிரிவுக்கும் மேலே இருந்த தாய்ப் பிரிவில் போட்டுவிட்டேன். பதினோரு மணிக்குள் கட்டடம் முழுக்க ஒரே விண்ணப்பப் படிவம். இயக்குநர் திரையிலும் அதுதான், எங்கள் இரண்டு திரைகளிலும் அதுதான்.

"தங்கச்சி, இயக்குநரையே வரிசையில நிக்க வெச்சுட்டியே!" என்று சிரித்துக்கொண்டே சர்வர் அறைக்கு ஓடினார். அங்கே போய் மாற்றிவிட்டார். ஆனால் கணினிகள் அடுத்த சுற்றுக்கு வந்தால்தானே எடுத்துக்கொள்ளும்? காத்திருந்தார். அன்று படகு போய்விட்டது.

இயக்குநர் இரண்டு கட்டளை போட்டார். வெள்ளிக்கிழமை யாரும் கொள்கையைத் தொடக் கூடாது. ஷாதிலியைத் தவிர யாருக்கும் உரிமை கிடையாது. என்னால் அவர் மாற்றல் நான்கு வருடம் தள்ளிப்போனது. அதை அவர் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.

போன இலையுதிர் காலத்தில்தான் இயக்குநர் இறங்கிவந்தார். வாரம் ஒரு பிரிவாக என் பெயருக்கு மாற்ற வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் ஷாதிலி சர்வரில் ஒப்புதல் பதிய வேண்டும். கடைசிப் பிரிவு மாறிய அன்று மாற்றல் உத்தரவு. மொத்தம் பத்தொன்பது பிரிவுகள். போன வெள்ளியன்று முகப்புப் பிரிவு ஒன்றுதான் பாக்கி.

"இன்னைக்கே முடிச்சுடலாமே," என்றேன். "நாம ரெண்டு பேருந்தானே இருக்கோம். யாருக்குத் தெரியப்போகுது?"

"வெள்ளிக்கிழமையா? ஒருதடவை பட்டது போதாதா உனக்கு?" பையைத் தோளில் மாட்டினார். "பதினொரு வருஷம் இருந்துட்டேன். ரெண்டு நாள்ல செத்தா போயிடுவேன்? திங்கக்கிழமை வந்ததும் முதல் வேலை இதுதான்."

இன்று தீவில் அவர் அடக்கம் முடிந்து மாலைப் படகில் திரும்பினேன்.

முகப்பில் உள்ள ஏழு கணினிகள் இன்னும் ஷாதிலி கெர்மாஸியின் பெயரில் இருக்கின்றன. மாற்றம் எழுதித் தயாராக இருக்கிறது. அவர் ஒப்புதல் மட்டும் பதிவாகவில்லை.