இரண்டு பழைய கார்களில் எது மேல்

என் கணவரிடம் ஒரு பழைய ஜெர்மன் கார், அண்ணனிடம் ஒரு பழைய ஜப்பான் கார். இரண்டும் ஒரு காலத்தில் பெரிய முதலாளிகள் ஏறி இறங்கியவை. ஞாயிறு பூசை முடிந்து வந்தால் இருவருக்கும் இதே பேச்சுதான். குதிரைத்திறன், பிக்கப், எத்தனை ஏர்பேக்.

"ஒங்க வண்டி தொட்டில் மாதிரில்லா மச்சான், ஏறினா தூக்கம் வந்துரும்" என்பார் இவர்.

"ஒம்ம வண்டியில ஏறினா முதுகெலும்ப எண்ணிரலாம் மாப்ளே" என்பான் அண்ணன்.

கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போன மழைக்காலத்தில் அப்பா மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு முறிந்துவிட்டது. பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, "உள்ளே ரத்தம் கசியுது. திருநெல்வேலிக்குச் சீக்கிரம் கொண்டு போங்க. ஆனா ஆட்டாம கொண்டு போகணும்" என்றார். ஆம்புலன்ஸ் வெளியே போயிருந்தது. காத்திருக்கப் பயமாக இருந்தது.

"என் வண்டிதான் வேகம்" என்று இவர் முந்திக்கொண்டார். டாக்டர் சொன்னதில் முதல் பாதிதான் அவர் காதில் விழுந்திருந்தது. வாதாட நேரமில்லை. அப்பாவைப் பின்சீட்டில் விரிப்புப் போட்டுக் கிடத்தி, தலையை என் மடியில் வாங்கிக்கொண்டேன். அண்ணன் அவன் காரில் பின்னாலேயே வந்தான்.

எங்கள் ஊர்த் துறைமுகத்து நிலக்கரி லாரிகளை ஒவ்வொன்றாக முந்தினோம். வேகத்தில் குறையே இல்லை. ஆனால் ரோட்டில் சின்ன ஒட்டு வந்தாலும் வண்டி தூக்கிப் போட்டது. அப்பா கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு என் சேலையைப் பிடித்து இழுத்தார். முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"மெதுவா போங்க!"

"மெதுவா போனா நேரமாயிரும்லா?"

"அப்பம் அண்ணன் வண்டிக்கு மாத்துங்க."

இவர் அடுத்த லாரியை முந்தினார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இத்தனை வருஷம் வாய் கிழியப் பேசிய மனிதர், இந்த ஒரு வார்த்தைக்கு வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாரே! அடுத்த பாலத்தில் வண்டி குதித்தது. அப்பா முனகினார். அப்படி ஒரு சத்தத்தை அவரிடமிருந்து நான் கேட்டதே இல்லை.

பாதி வழியில், வல்லநாட்டுக்கு முன்னால் இவர் ஓரங்கட்டினார். இறங்கி ஓடி, அண்ணனைக் கைகாட்டி நிறுத்தினார்.

"மச்சான், ஒங்க வண்டிதான் நல்லது. மாமாவத் தூக்கணும், வாங்க."

அண்ணன் இறங்கி ஓடி வந்தான். விரிப்போடு சேர்த்துத் தூக்கி மாற்றினார்கள். இவர் முன்சீட்டிலிருந்து முழுதாகத் திரும்பி, அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி குலுங்காமல் போனது. கொஞ்ச நேரத்தில், என் சேலையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பதறிப்போய் மூக்கருகே விரலை வைத்தேன். மூச்சு இருந்தது. வலி குறைந்து கண்ணயர்ந்திருக்கிறார்.

ஆபரேஷன் முடிந்து, இனிப் பயமில்லை என்று டாக்டர் வந்து சொன்ன பிறகுதான் அண்ணன் கேட்டான்: "மாப்ளே, ஒம்ம வண்டி எங்கன நிக்கி?"

இவர் சட்டைப்பையைத் தடவினார். சாவி இல்லை. அந்த வண்டிமேல் ஒரு ஈ உட்கார்ந்தாலும் துடைக்கிறவர், என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்.

"ஏளா, கதவயாவது சாத்துனேனா?"