பள்ளம் எந்தப் பக்கம்?

பெண்கள் கிரிக்கெட்டும் ஆண்களோட வாரியத்துக்குக் கீழேயே வந்துவிட்ட சமயம் அது. அதுவரைக்கும் மேட்சுக்குப் போறதுன்னா கைக்காசு, ரிசர்வ் பண்ணாத ரயில்பெட்டி, ஏதாவது ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் படுக்கை. இனிமேல் தேர்வாகிவிட்டால் பயணம், தங்கல், சாப்பாடு, கிளவுஸ் எல்லாம் வாரியமே பார்த்துக்கொள்ளும் என்றார்கள். எங்கப்பா நம்பவில்லை. வில்பட்டியில் கேரட் பிடுங்கிப் பிழைக்கிற மனுஷன். திண்டுக்கல்லில் நடக்கிற தேர்வு மேட்ச்தான் கடைசி, எடுக்கவில்லையென்றால் இதோட சரி என்று சொல்லிவிட்டார். கொடைக்கானல் ஓட்டல் ஒன்றில், திங்கட்கிழமை முதல் நான் வேலைக்கு வருவேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

நான் விக்கெட் கீப்பர். எங்க மைதானம் ஒரே சரிவு. மத்தியானமே மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிடும். தூரத்தில் நிற்கிற பிள்ளைகளுக்குப் பந்து வருவதே தெரியாது. அதனால் மட்டையில் பட்ட சத்தத்தை வைத்து நான்தான் "மேடு", "பள்ளம்" என்று கத்துவேன். அந்தப் பக்கம் ஓடினால் பந்து கெடக்கும்.

திண்டுக்கல்லில் சுள்ளென்று வெயில். மைதானம் தோசைக்கல் மாதிரி சமதரை. வாய் சும்மா இருந்தால்தானே! பந்து உயரே போனதும் "பள்ளம், பள்ளம்" என்று கத்தித் தொலைத்தேன். அங்கே எது பள்ளம், எது மேடு? என் அணியில் இருந்த வேற ஊர்ப் பிள்ளைகள் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் என்னையே பார்த்தார்கள். கேட்ச் தொப்பென்று தரையில் விழுந்தது. அம்பயர் கூப்பிட்டு, இப்படிக் கத்தக் கூடாது என்று கண்டித்தார். போச்சு, இனி ஓட்டல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மேட்ச் முடிந்ததும் தேர்வாளர் அக்கா கூப்பிட்டார். ரயிலில் கக்கூஸ் பக்கத்தில் உட்கார்ந்தே ஊர் ஊராகப் போய் ஆடியவர். எதுக்கு அப்படிக் கத்தினாய் என்றார். மஞ்சு விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒரு பிள்ளையை மட்டையால் பந்தை அடிக்க வைத்து, பந்து போன பக்கத்தைக் கேட்டார். காதை வைத்தே சொன்னேன். ஒன்றும் தப்பவில்லை.

"உன்னை எடுத்தாச்சு. முகாமுக்கு வந்துரு. கத்தாம இருக்க அங்க பழக்கிக்கலாம்" என்றார்.

அப்பாடா! அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது. போன் பூத்திலிருந்து எங்க ஊர்ப் பெட்டிக்கடைக்குப் போன் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். எல்லாம் வாரியமே பார்த்துக்குமாம்ப்பா என்றேன். அப்பா சொன்னார்:

"எம்புள்ள வராதுன்னு ஓட்டல்காரங்ககிட்ட நாளைக்கு வெள்ளனே நானே போயிச் சொல்லிடுறேன்."