பாதி தள்ளிக் கேட்காதவர்கள்

ஊரில் அவளைத் தரகரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கே மறந்து போயிருக்கும். தொழில், கல்யாணத் தரகு. எந்த இரண்டு வீட்டுக்கு ஏழாம் பொருத்தம், எந்த அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றிருக்கிறது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யச் சொன்னார்கள் பெரியவர்கள். தனக்கு நாலைந்தே போதும் என்று அவள் பெருமையடித்துக்கொள்வாள்.

அவையும் முழுப் பொய்கள் அல்ல. மாப்பிள்ளை முன்கோபி என்றால், "கொஞ்சம் சூடு, ஆனா தங்கமான மனசு" என்பாள். பெண் வீட்டார் இழுத்தடித்தால், "பையனுக்கு நாளைக்கு வேற இடத்துலேருந்து பேச வர்றாங்களாம்" என்று ஒரு தட்டு தட்டுவாள். கேட்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தரகரக்கா சொன்னால் பாதி தள்ளித்தான் கேட்க வேண்டும் என்று ஊரில் குழந்தைக்கும் தெரியும். அவள் கூட்டிச் சொல்வாள், அவர்கள் குறைத்துக் கேட்பார்கள், பேச்சு நடுவில் வந்து நிற்கும். அப்படி அவள் சேர்த்துவைத்த குடும்பங்கள் இன்றும் நன்றாகத்தான் இருக்கின்றன.

மலையைக் குடைய வந்த வெளிநாட்டுக் கம்பெனி அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டதும் இந்தப் பேச்சுக்காகத்தான். கோடிகளைக் கொட்டியவர்களுக்கு மழையும் மண்சரிவும் எப்படி அபாயமோ, ஊர்க்காரர்களின் மனசும் அப்படி ஒரு அபாயம். அதை அளந்து கடல் கடந்து இருக்கும் தலைமையகத்துக்குத் தினமும் அனுப்ப ஓர் அதிகாரி இருந்தார். தலைநகரத்து ஆள். வானம் பளிச்சென்று இருந்தாலும் குடையோடுதான் இறங்குவார். அதனால் அவர் குடைக்காரர். கம்பெனி கேட்டைத் தாண்டி ஊருக்குள் நடக்க அவருக்கு அனுமதி இல்லை. இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாதாம். ஊரின் மனசை அளக்க வந்தவர் ஊருக்குள் போகக் கூடாது என்று சட்டம் போட்ட புத்திசாலி யாரோ!

அவருக்குப் பதிலாக இவள் போவாள். காலையில் கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து நிறம் சொல்வாள். பச்சை என்றால் ஊர் அமைதி. மஞ்சள் என்றால் முணுமுணுப்பு. கலவரத்துக்குச் சிவப்பு என்று ஒன்றும் இருந்தது. அதை அவள் சொன்னதே இல்லை.

முணுமுணுப்பு லாரிகளால் வந்தது. கல் ஏற்றிய லாரிகள் பள்ளிக்கூட வாசலை உரசிக்கொண்டு போயின. ஊருக்கு வெளியே தனிச் சாலை போட்டுத் தருவதாகக் கம்பெனி வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கு தண்ணீரில் எழுதிய எழுத்தாகப் போனதும், ஜனங்கள் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில் இருந்தவன் தரகரக்காவின் தம்பி. அதே தெருவில் பஞ்சர் கடை வைத்திருப்பவன். அவள் தூக்கி வளர்த்த பிள்ளை.

"அக்கா, எங்களுக்குச் சண்டை வேணாம்," என்றான் அவன். "உங்க பெரிய மேனேஜர் ஒரே ஒரு தடவை இறங்கி வந்து எங்க முகத்தைப் பாத்துப் பேசட்டும். அப்பவே எந்திரிச்சிடறோம்."

இவ்வளவுதானா என்று அவளுக்குத் தோன்றியது. இதைவிடப் பெரிய பிணக்கையெல்லாம் அவள் ஒரு மத்தியானத்தில் முடித்தவள். ஆனால் மேனேஜர் அசையவில்லை. அவள் மஞ்சள், மஞ்சள் என்று சொல்லச் சொல்ல, குடைக்காரர் தலையாட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார். வெயிலில் தம்பியின் முகம் கறுத்துக்கொண்டே போனது. பெற்ற வயிறு மட்டுமா பற்றி எரியும், வளர்த்த வயிறும் எரியும். இழுத்தடிக்கிற வீட்டுக்கு என்ன மருந்து என்று அவளுக்குத் தெரியாதா?

"இன்னைக்கு சிவப்புங்க," என்றாள். "நாளைக்குள்ள மேனேஜர் வந்து பேசலைன்னா லாரியைக் கொளுத்திடுவாங்க."

குடைக்காரருக்கு முகம் வெளுத்துப்போனது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பித் தட்டினார். சற்றைக்கெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் சின்னச் சின்னப் பைகளோடு முற்றத்தில் வந்து நின்றார்கள். பைகளை என்றைக்கோ கட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களைத் தூக்கிப் போக ஹெலிகாப்டர் இறங்கியது. யாரோடு பேசவைக்க அவள் பாடுபட்டாளோ, அந்த மேனேஜர்தான் முதலில் ஏறினார்.

அவள் குடைக்காரரை மறித்தாள். "சார், நான் சொன்னதுல பாதியைத் தள்ளிடுங்க! அங்க உக்காந்து சீட்டாடிக்கிட்டு இருக்காங்க சார்!"

"இதுல பாதியெல்லாம் கிடையாதும்மா," என்றார் குடைக்காரர். அவரும் கெட்டவர் இல்லை. "சிவப்புன்னா நாங்க வெளியேறணும், போலீஸுக்குத் தகவல் போகணும். போயிடுச்சு. இனிமே என் கையில இல்ல."

அவள் தெருவுக்கு ஓடினாள். அதற்குள் போலீஸ் வண்டிகள் முந்திக்கொண்டன. அவள் போய்ச் சேர்ந்தபோது பாய்கள் கிழிந்து கிடந்தன, சீட்டுகள் மண்ணில் சிதறிக் கிடந்தன. பஞ்சர் கடைக்கு முன்னால் தம்பி வலது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தான்.

மணிக்கட்டு எலும்பு நொறுங்கிவிட்டது, இனி டயர் கழற்றும் வேலை நடக்காது என்றார் டாக்டர். கம்பெனிக்கு நஷ்டமில்லை. மூடிக் கிடக்கும் நாட்களுக்கு இன்சூரன்ஸ் உண்டு என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ பேசிக்கொண்டார்கள்.

தம்பி கண் விழித்ததும் அக்காவைத்தான் தேடினான்.

"அக்கா, போலீஸ்காரன் அடிக்கிறப்பல்லாம் ஒண்ணையே கேட்டான்க்கா. 'லாரியைக் கொளுத்துவியா, கொளுத்துவியா'ன்னு. நம்ம ஆளுங்க யாரும் அப்படி நினைக்கக்கூட இல்லையே. எந்தப் பாவி சொல்லியிருப்பான்?"

தரகரக்காவின் நாக்கு நுனிக்கு நாலைந்து பதில்கள் வந்து நின்றன. எல்லாமே நல்ல பதில்கள், அவனும் நம்பியிருப்பான். அவள் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள்.

"நான்தான்டா சொன்னேன்."

அத்தனை வலியிலும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சும்மா இருக்கா. யாரையோ காப்பாத்தப் பாக்கறே. நீ சொன்னா பாதி தள்ளணும்னு எனக்குத் தெரியாதா?"

"இதுல தள்ள ஒண்ணும் இல்லடா," என்றாள் அவள்.

அவன் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் அவனுடைய சிரிப்பு நின்றது.