நெருப்பு இரவல்

தேங்காய்ச் சிரட்டையை எடுத்துக்கொண்டு நவமணியக்கா நெருப்புக் கேட்கக் கிளம்பிவிடுவார். சூலியா தெருவுக்குப் பின்னால், பலகைத் தடுப்புப் போட்ட எங்கள் அறை வரிசையில், அடுப்பு அணையாத வீடு அவருடையது ஒன்றுதான். விடிந்ததிலிருந்து கடலை வறுக்கிறார். தலைத்தட்டில் சுமந்து விற்பவர்கள் வந்து வாங்கிப் போகிறார்கள். அவர் முந்தானையில் எப்போதும் மஞ்சளும் புகையும் மணக்கும். அவர்தான் நெருப்புக்கு அலைகிறார்.

சந்து முனையில் தேநீர் ஆற்றும் கமாலுதீன் விடமாட்டார்.

“என்னக்கா, ஒங்க அடுப்பு இன்னிக்கும் நோம்பா?”

“ஆமா தம்பி. ஒன் தேத்தண்ணியாட்டம் அதுக்கும் பேருக்குத்தான் சூடு.”

சிரிப்பு அடங்குமுன் அக்கா அய்யாக்கண்ணுவின் கதவைத் தட்டியிருப்பார். அய்யாக்கண்ணுவுக்குத் துறைமுகச் சரக்குக் கிட்டங்கியில் வேலை. சின்னப் பையனைக்கூட ‘வாங்க, போங்க’ என்பார். அந்த அறையில் பெல்ட்டின் ஓசை கேட்கும்போதுதான் அக்காவுக்கு நெருப்பு தீர்ந்துபோகிறது. சம்பள நாளில் இன்னும் இரண்டு மூன்று கதவுகளுக்கும் அதே சிரட்டை போய்வரும்.

கேட்ட நெருப்பை இங்கே யாரும் இல்லையென்று சொல்வதில்லை. அக்கா உள்ளே போய் அடுப்பின் முன் குந்திவிடுவார். கங்கு பொறுக்குவார், ஊதுவார், பாசாரில் மீன் விற்கிற விலையைச் சொல்வார், மறுபடி ஊதுவார். மனைவி ஜெயலெட்சுமி சுவரோரம் உதட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். அய்யாக்கண்ணுவின் கை ஓயும்வரை அக்காவின் கங்கு பற்றாது.

போலீஸைக் கூப்பிடலாமே என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். கடலையைக் கிளறியபடியே சொன்னார்: “கூப்பிட்டேன் தம்பி. ஒரு மாத்தா வந்தான், புருசன் பொண்டாட்டி விசயம்னு சிரிச்சான், போனான். அவன் தெருவத் தாண்டுறதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு ரெட்டிப்பா விழுந்திச்சி. நெருப்புக் கேட்டா யாருக்குலா கோவம் வரும்?”

நேற்று அய்யாக்கண்ணு வெயில் இருக்கும்போதே சாமி விளக்கை ஏற்றிக் கதவைச் சாத்தினார். சற்று நேரத்தில் கேட்டது ஜெயலெட்சுமியின் குரல் அல்ல. அவளுடைய சின்ன மகளின் குரல். அக்கா ஓடினார். கதவு ஒரு கை அகலம் திறந்தது.

“வெளக்கு வச்சாச்சிக்கா. இனிமே நெருப்ப வெளிய குடுத்தா லெச்சுமி போயிரும். ஒங்களுக்குத் தெரியாததா?”

குரலில் அதே மரியாதை. தாழ்ப்பாள் விழுந்தது. உள்ளே மறுபடி தொடங்கியது.

வரிசை நெடுகத் தலைகள் எட்டிப் பார்த்தன. ஒருவரும் படியிறங்கவில்லை. அக்கா தன் அறைக்குத் திரும்பினார். அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் வறுசட்டியை இறக்கிவிட்டு, சிரட்டை நிறையச் சிவந்த கங்குகளை வாரிக்கொண்டு வந்தார்.

“அய்யாக்கண்ணு, கதவத் தொறப்பா. இத்தன நாளு வாங்குனதத் திருப்பிக் குடுக்க வந்திருக்கேன். வெளக்கு வச்சப்பறம் வீடு தேடி வர்ற லெச்சுமிய வாசல்ல நிறுத்தாத.”

உள்ளே ஓசை நின்றது. தாழ்ப்பாள் அசையவில்லை. சிரட்டையின் விளிம்பு கருகிப் புகைய ஆரம்பித்தது. அக்கா அதைக் கீழே வைக்கவில்லை. வெறும் உள்ளங்கையில் ஏந்தியபடி, மற்றக் கையால் மறுபடி கதவைத் தட்டினார்.